தாயின் பாட்டுக்கு இரண்டு பெட்டிகள்

"அய்யே, வெளிய போய் நடங்க. நான் இங்க மைக்கில கதைக்கிறேன். எந்த இடத்தில சொல்லு விளங்காமப் போகுதோ, அங்கயிருந்து திரும்பி வாங்க" என்றாள் செலஸ்டினா.

நீர்கொழும்பில் மீன்சந்தைக்குத் திரும்புகிற முடுக்கில் இன்சாஃபின் ஒலிபெருக்கிக் கடை இருக்கிறது. காலை வெயில் கண்ணாடிக் கதவில் பாதிவரை ஏறியிருந்தது. செலஸ்டினா கோயிலுக்கு உடுத்துகிற வெள்ளைச் சட்டையோடு வந்திருந்தாள். என்னதான் சவர்க்காரம் போட்டாலும் அவள் உடுப்பிலிருந்து கருவாட்டு வாசம் போகாது. கடையின் குளிர்காற்றில் அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. நெத்தலி காயவைத்துப் பிழைப்பவள். கூடப் பிறக்காவிட்டாலும் நான் அவளுக்கு அய்யே, அதாவது அண்ணன்; அவள் எனக்கு நங்கி, தங்கச்சி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலி. அந்த வேலியில் இருக்கிற ஓட்டை வழியாக இந்தப் பக்கத்துக் கோழிகள் அந்தப் பக்கம் போய் முட்டையிடும், அந்தப் பக்கத்துக் கறி இந்தப் பக்கம் வரும்.

குரல் விஷயத்தில் என் சொல்லுக்கு ஊரில் ஒரு மதிப்பு உண்டு. நான் சிலாபம்–கொழும்பு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். வென்னப்புவைச் சந்தியில் நின்று "கொழும்பு, கொழும்பு" என்று கூப்பிட்டேனென்றால், கொழும்புக்குப் போக நினைக்காதவர்களும் ஏறிவிடுவார்கள். ஒருமுறை மாரவிலைக்குப் பெண் பார்க்கப் போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பமே என் குரல் கேட்டு ஏறி, கொழும்பில் இறங்கி, வேறொரு பெண்ணைப் பார்த்துப் பேசி முடித்துவிட்டது. அந்தத் தம்பதிக்கு இப்போது பேரப்பிள்ளைகள். சந்தேகம் இருப்பவர்கள் விசாரித்துக்கொள்ளலாம். செலஸ்டினா விசாரித்ததில்லை. நான் சொல்லும் எதையும் அவள் நம்புவதில்லை என்பதால் விசாரிக்கிற சிரமமும் அவளுக்கு இல்லை.

இன்சாஃப் முதலில் இழுத்து முன்னே வைத்தது என் உயரத்துக்கு ஒரு பெட்டி. உச்சியிலிருந்து அடிவரை விளக்கு. மேளம் விழுகிற இடத்திலெல்லாம் அது பச்சையும் சிவப்புமாகக் கண்ணடித்தது. ஒரு பைலாப் பாட்டைப் போட்டான். எதிர்க்கடையில் தொங்கிய பிளாஸ்டிக் வாளிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டன. என் மேற்பல் வரிசை சொந்தமானதில்லை, அது தானாக ஆடத் தொடங்கியது.

"எப்பிடி அம்மா? நெஞ்சில அடிக்குதா?" என்றான் இன்சாஃப். தாடியில் நரை விழத் தொடங்கிய வயது. அவன் முகத்தில் பிள்ளை பெற்ற சந்தோஷம்.

"நெஞ்சில அடிக்குது மகன். காதுக்கு ஒண்டும் வரல்ல" என்றாள் செலஸ்டினா.

நான் நடந்தேன். கடைசிக் கடை தாண்டி, நாடகச் சீட்டு ஒட்டுகிற மதில் தாண்டி, ஐஸ் லொறிகள் நிற்கிற இடம் வரைக்கும் அந்தப் பெட்டி உறுமிக்கொண்டே வந்தது. அவள் என்னவோ சொல்கிறாள் என்பது தெரிந்தது. என்ன என்பது தெரியவில்லை. திரும்பி வந்தேன்.

"என்ன சொன்னேன்?"

"மழை வரும் எண்டு சொன்னே."

"மெழுகுதிரி விலை சொன்னேன்."

அடுத்தது தோளில் தூக்கிப் போகக்கூடிய சின்னப் பெட்டி. அதன் விலையைக் கேட்டதும் அவளுக்கு ஆசையாக இருந்தது. ஆனால் தகரப் பேணிக்குள் அடைத்துவைத்த கிளி போல அது கத்தியது. மூன்றாம் கடையோடு கிளி செத்துவிட்டது. மூன்றாவதாக இன்னொன்று, அது சத்தமும் தெளிவுமாகத்தான் இருந்தது. அதன் விலையைச் சொன்னபோது செலஸ்டினா அந்தப் பெட்டியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள், சூடாக இருந்ததைப் போல.

"அம்மா என்ன வேலைக்கு வாங்குறீங்க? வீட்டு விசேஷமா?"

அவள் விரல் விட்டு எண்ணினாள். "சத்தமா இருக்கணும். தெளிவா இருக்கணும். நெத்தலி வித்த காசுக்குள்ள இருக்கணும். ஒரு பொம்பிளைக் குரல், மைக்கில, எங்கட தெரு முழுக்கக் கேக்கணும். கடக்கரையில வள்ளத்துக்குப் பக்கத்தில நிக்கிறவனுக்கும் ஒவ்வொரு சொல்லும் விளங்கணும்."

இன்சாஃப் கொஞ்சநேரம் தாடியைச் சொறிந்தான். பிறகு உள்ளே போய், சாக்கு போர்த்தி வைத்திருந்த இரண்டு சாம்பல் நிறப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஒரு மூலை உடைந்திருந்தது. விளக்கு இல்லை, மினுக்கம் இல்லை. வகுப்பில் ஒழுங்காக இருக்கிற, யாரும் பெயர் ஞாபகம் வைத்துக்கொள்ளாத பிள்ளையைப் போல இருந்தன.

"ஒரு கணக்கு டியூஷன் மாஸ்டர்ட சாமான். கொட்டகையில பிள்ளைகள் ஐந்நூறு. கடைசி வாங்கில இருக்கிறவனுக்கும் கணக்கு விளங்கணுமே. அவர் புதுசு வாங்கிட்டு இதைத் தந்துட்டுப் போனார். ஆனா அம்மா, நான் உண்மையைச் சொல்றேன், இதில பாட்டு போட்டா நல்லா இராது. பேஸ் இல்ல."

"எனக்கு வேண்டியது சொல்லு" என்றாள்.

மறுபடி நடந்தேன். ஐஸ் லொறிகளைத் தாண்டினேன். மீன்சந்தை வாசல்வரை வந்துவிட்டேன். ஏலம் கூறுகிற சத்தம், காகம், கத்தி தீட்டுகிற சத்தம். அத்தனைக்கும் மேலே, என் காதோரம் நின்று சொல்வதைப் போல செலஸ்டினாவின் குரல் வந்தது: "வென்சி அய்யே, பணப்பையைப் பத்திரமா வச்சிக்கங்க, அங்க கள்ளனுகள் இருக்கானுகள்." சந்தை வாசலில் நின்ற அத்தனை பேரும் பையைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒருவன் மட்டும் தொடாமல் மெதுவாக நழுவிப் போனான். அது யாரென்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்.

அந்தப் பெட்டிகளைத்தான் வாங்கினோம்.

இதுவரை நான் சிரிப்பாகச் சொல்லிவிட்டேன். இனி அப்படிச் சொல்ல வராது.

எங்கள் தெருவில் தவக்காலம் வந்தால் பின்னேரங்களில் புலம்பல் பாடுவார்கள். இயேசு பட்ட பாடுகளை, பிடிபட்டதிலிருந்து அடக்கம்வரை, பழைய இராகத்தில் இழுத்து இழுத்துப் பாடுவது. ஒரு நாள் ஒரு வீடு. பாயை விரித்து, குத்துவிளக்கு ஏற்றி, பிளேன்டி குடித்துப் பாடுவார்கள். பெரிய வெள்ளிக்கிழமை மட்டும் கடற்கரையில் பந்தல் போட்டு, தெரு முழுவதும் கூடி, பகல் மூன்று மணிக்கு முடிவுப் பகுதியைப் பாடுவார்கள். சிலுவையிலிருந்து இறக்கிய உடலைத் தாயின் மடியில் வைக்கிறார்கள். அந்த இடத்தில் எல்லோரும் நிறுத்திவிடுவார்கள். ஒரே ஒரு பெண் பாடுவாள். தாயின் பங்கு என்பார்கள் அதை. செலஸ்டினா கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்து, முதல் பிள்ளையாகவும் கடைசிப் பிள்ளையாகவும் சுரங்கவைப் பெற்ற அடுத்த வருஷத்திலிருந்து தாயின் பங்கு அவளுடையது. அவள் பாடும்போது நாய்கள் படுத்துக்கொள்ளும். இது கதையில்லை. நாய்களைக் கேட்டுப் பாருங்கள்.

அந்தப் பங்குக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பிள்ளையைப் புதைத்த பெண்ணுக்கு அதைக் கொடுக்க மாட்டார்கள். தள்ளிவைப்பது என்று நினைக்க வேண்டாம், அவள்மேல் உள்ள இரக்கம். முன்னொரு காலத்தில், நான் பிறக்கும் முன்பே, பிள்ளை செத்த ஒருத்தி பிடிவாதமாகப் பாடினாளாம். தொடங்கியவள் நிறுத்தவில்லை. வெள்ளி போய், சனி போய், உயிர்த்த ஞாயிறு பூசைக்கு மணி அடித்தபோதும் பாடிக்கொண்டே இருந்தாளாம். நான் சொல்கிற கதைகளில் இந்த ஒன்றை மட்டும்தான் தெருவில் யாரும் பொய் என்று சொன்னதில்லை.

போன வருஷம் தைமாதம் சுரங்க போன பலநாள் படகு திரும்பி வரவில்லை. ஒரு பலகை, ஒரு மிதவை, ஒரு செருப்பு, எதுவும் கரை சேரவில்லை. அந்தத் தவக்காலத்தில், வருவார்கள் வருவார்கள் என்று தெருவே நேர்த்திக்கடன் வைத்துக்கொண்டிருந்ததால், செலஸ்டினா வழக்கம்போலப் பாடினாள். பிறகு மாதங்கள் போயின. கூடப் போனவர்களின் வீடுகளில் ஒவ்வொன்றாக இறந்தவர்களுக்கான பூசை வைத்தார்கள். வெள்ளைக் கொடி கட்டினார்கள், தானம் கொடுத்தார்கள், படத்துக்கு மாலை போட்டார்கள். செலஸ்டினா மட்டும் எதுவும் செய்யவில்லை. சுரங்கவின் தலையணை உறையைக் கிழமைக்கொரு தடவை துவைத்துக் காயப்போட்டாள்.

இந்த வருஷம் புலம்பல் தொடங்குகிற கிழமை, பாட்டுக் கூட்டத்தை நடத்துகிற கிரேஸி அவள் வீட்டுக்கு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தாள். வேலிக்கு இந்தப் பக்கம் நான் கோழிக்குத் தவிடு போட்டுக்கொண்டிருந்தேன். கேட்கவேண்டும் என்று கேட்கவில்லை, கேட்டது.

"அக்கே, இந்த முறை தொண்டைக்குக் கொஞ்சம் ஓய்வு குடுங்களேன். டில்ருக்ஷி பாடட்டும். அவளும் பழகணுமே."

"என்ட தொண்டைக்கு என்ன?"

"ஒண்டும் இல்ல அக்கே."

"அப்ப?"

கிரேஸி வாழைப்பழத்தை வைத்துவிட்டுப் போனாள். டில்ருக்ஷியின் மகன் இந்த வருஷம்தான் முதலாம் வகுப்பில் சேர்ந்திருந்தான். செலஸ்டினா அந்தப் பழத்தைத் தொடவில்லை. அது கறுத்து, வேலி ஓட்டை வழியாக என் கோழிகளுக்கு வந்தது.

தாயின் பங்கை அவள் பாடினால் மகன் இருக்கிறான். பாடாவிட்டால் மகன் இல்லை. தெரு அவனை இல்லை என்று முடிவுசெய்துவிட்டது, அதுவும் இவ்வளவு அன்பாக. பந்தலில் மைக் தரமாட்டார்கள் என்றால் தன் வீட்டிலிருந்து பாடுவேன் என்றாள். அதற்குத்தான் பெட்டி.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம். மதகுருமாருக்கு ஒதுக்கிய முன்சீட்டு மட்டும் காலியாக இருந்தது. பெட்டிகள் இரண்டையும் அதில் உட்காரவைத்தேன். கண்டக்டர் வந்து, "இது என்ன அங்கிள், சாமிமார்ட சீட்டுல?" என்றான். "உள்ள மாதாட அழுகை இருக்கு மகன்" என்றேன். அவன் பெட்டிகளைப் பார்த்தான், செலஸ்டினாவின் முகத்தைப் பார்த்தான், டிக்கெட் கிழிக்காமல் பின்னுக்குப் போனான். தொழிலில் இவ்வளவு நல்ல கண்டக்டரை நான் கண்டதில்லை, என்னையும் சேர்த்து.

கொச்சிக்கடைப் பாலம் தாண்டியதும் செலஸ்டினா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அய்யே, ஒரு கதை சொல்லுங்க."

"என்ன கதை?"

"கடல்ல காணாமப் போன ஒருத்தன், கன காலம் கழிச்சுத் திரும்பி வந்த கதை. உங்களுக்குத்தான் தெரியுமே, எல்லாம் தெரியும். மாலைதீவில ஒரு தீவுல இருந்தான், பேர் மறந்துட்டான், அப்பிடி ஏதாவது. சொல்லுங்க. இந்த முறை நான் நம்புறேன்."

வாயைத் திறந்தேன். தென்னந்தோப்புகள் ஓடின. ஓட்டுக் கம்பனியின் புகைபோக்கி ஓடியது. பெண் பார்க்கப் போனவர்களைக் கொழும்புக்கு ஏற்றிய வாய் இது. மேற்பல் வரிசையை நாக்கால் தள்ளிப் பார்த்தேன், இருந்தது. ஆனாலும் ஒரு சொல் வரவில்லை.

"பரவாயில்ல" என்றாள் செலஸ்டினா.

சந்தியில் இறங்கி, பெட்டிகளைத் திரீவீலரில் ஏற்றிக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தபோது நாங்கள் இரண்டு பேரும் ஒன்றை மறந்துவிட்டோம். அதை நான் மறந்திருக்கக் கூடாது.

எங்கள் தெருவில் யாரும் சும்மா பாட்டுப் பெட்டி வாங்க மாட்டார்கள். வெளியில் போனவன் வீட்டுக்கு வருகிறான் என்றால்தான் வாங்குவார்கள். இத்தாலியிலிருந்து மகன் வருகிறான், முதல்நாள் வீட்டுக்குப் பெட்டி வரும். படகு நிறைய மீனோடு கரை தொட்டது, பெட்டி வரும். மர்சலின் வீட்டில் மகன் மிலானிலிருந்து வந்த அன்று போட்ட பாட்டில் தென்னையிலிருந்து இரண்டு குரும்பை விழுந்தது, அவர்கள் கோழி மூன்று கிழமைக்கு ஓடு இல்லாத முட்டை இட்டது. மகன் திரும்பிப் போனதும் பெட்டிக்குப் பின்னல் துணி போர்த்தி, மேலே மாதா சுரூபம் வைத்துவிட்டார்கள். தெருவில் பாதி வீட்டில் அப்படித்தான், போர்த்தி வைத்த பெட்டி. அடுத்தவன் வருகிறவரைக்கும் அது பேசாது. ஆகவே ஒரு வீட்டு வாசலில் பெட்டி இறங்கினால், "ஏன் வாங்கினாய்?" என்று எங்கள் ஆட்கள் கேட்பதில்லை. "எப்ப வாறான்?" என்றுதான் கேட்பார்கள்.

முதலில் மர்சலினின் மனைவி வாய்பொத்தி நின்றாள். பிறகு யாரோ ஓடினார்கள். நான் பெட்டியை வாசலில் இறக்கி முடிப்பதற்குள் படலைக்கு வெளியே கூட்டம். ஒருத்தி உயிர்த்த ஞாயிறுக்குச் சுட்டு வைத்திருந்த கொகிஸ் பலகாரத்தைத் தட்டோடு கொண்டு வந்திருந்தாள். ஒருவன், "நான் சொன்னேனே, சுரங்க நீச்சல்காரன் எண்டு!" என்று பக்கத்தில் நின்றவனை முதுகில் அடித்தான். அடிவாங்கியவன் அழுதுகொண்டே சிரித்தான். நான் கையை ஆட்டினேன். கண்டக்டர் குரலை எடுத்து, "இல்ல, இல்ல, அப்பிடியில்ல" என்று கத்தினேன். என் வாயிலிருந்து வருகிற எதையும் நம்பக்கூடாது என்று ஊருக்கு நாற்பது வருஷமாக நானே பழக்கிவைத்திருந்தேன்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு நிலந்தி வந்தாள். சுரங்கவோடு அதே படகில் போன அசங்கவின் மனைவி. இருபத்தைந்து வயது இருக்கும். காலில் செருப்பில்லை, முழங்கைவரை அரிசிமா. மாவு ஒட்டிய கையில் ஒரு பிளாஸ்டிக் பூமாலை.

"அம்மே, செய்தி வந்துதா?"

செலஸ்டினா படலையில் கை வைத்தாள்.

"யாரு யாரு வாறாங்க? சுரங்க அய்யா மட்டுமா? எல்லாருமா? சொல்லுங்க அம்மே." மாலையை உயர்த்திக் காட்டினாள். "நான் அவர்ட படத்துக்குப் போட்டிருந்தேன். பெட்டி வந்திட்டுது எண்டாங்க. கழட்டிட்டு ஓடி வந்தேன். உயிரோட இருக்கிற ஆளுக்கு மாலை போடுறது பாவம்தானே அம்மே?"

கொகிஸ் தட்டு எங்கேயோ கீழே வைக்கப்பட்டது. செலஸ்டினா படலையைத் திறந்து வெளியே வந்தாள். நிலந்தியின் இரண்டு கையையும் மாலையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"ஒருத்தரும் வரல்ல மகள்."

"அப்ப இது?" நிலந்தி அவள் சட்டைக் கைகளைப் பற்றிக்கொண்டாள்.

"நான் பாட வாங்கினேன்."

நிலந்தி பெட்டியைப் பார்த்தாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை. கணக்கு ஒன்றை அவள் மனதுக்குள் போடுவதும், அது திரும்பத் திரும்பப் பிழைப்பதும் முகத்தில் தெரிந்தது. பிறகு மாலையைக் கழுத்துவரை தூக்கி மார்போடு வைத்துக்கொண்டு, வந்த வழியே நடந்து போனாள். கூட்டம் அவளுக்கு வழிவிட்டது. செலஸ்டினாவின் சட்டைக் கையில் இரண்டு பக்கமும் ஐந்து ஐந்து மா விரல் தடங்கள்.

அதற்குப் பிறகு பெட்டிகள் அவள் முன்னறையில் சாக்குப் போர்த்தியபடியே இருந்தன. கம்பி மாட்டித் தரவா என்று நான் கேட்டதற்கு, சுளகை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். ஒருநாள் காலையில் வேலி ஓட்டை வழியாகப் பார்த்தால் நிலந்தி அவள் திண்டில் உட்கார்ந்து கருவாட்டுக்கு உப்புப் போட உதவிக்கொண்டிருந்தாள். நெத்தலியைப் புரட்டுகிற சத்தம் மட்டும். அந்தக் கிழமை தலையணை உறை கொடிக்கு வரவில்லை.

கடைசிக் கிழமை கிரேஸி மறுபடியும் வந்தாள், இந்த முறை வெறுங்கையோடு. செலஸ்டினா அவளை உள்ளே கூப்பிடவில்லை, போகச் சொல்லவுமில்லை. நான் வேலியோரம் இருப்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"அக்கே, நான் மூடிமூடிக் கதைச்சது பிழை. நேரா கேக்கிறேன். வெள்ளிக்கிழமை பாடப்போறீங்களா?"

"பாடினா என்ன செய்வே? கரண்டை நிப்பாட்டுவியா?"

"அடுத்த தெருக்காரன் எண்டா நிப்பாட்டுவேன். உங்கள நிப்பாட்டினா அடுத்த ஜென்மத்தில நான் தவளையாத்தான் பிறக்கணும்."

"நம்மட சமயத்தில அடுத்த ஜென்மம் இல்லடி."

"அதனாலதான் தைரியமா சொல்றேன்." கிரேஸி சிரிக்க முயன்று விட்டுவிட்டாள். "இப்பிடிச் செய்வோம் அக்கே. ஆம்பிளைகள் சிலுவையில இருந்து இறக்கிற பகுதியை முடிச்சதும் நாங்க நிறுத்துறோம். உங்கட பெட்டியில இருந்து குரல் வந்தா பங்கு உங்களுடையது, டில்ருக்ஷி வாய் திறக்க மாட்டா. வராட்டி அவ தொடங்குவா. ஒருத்தரும் உங்களை ஏன் எண்டு கேக்க மாட்டாங்க, எது நடந்தாலும்."

"எவ்வளவு நேரம் பாத்திருப்ப?"

"தெரியாது அக்கே. பாத்திருப்பேன்."

பெரிய வெள்ளி. கோயில் மணி அடிக்காத நாள், மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். படகுகள் எல்லாம் மணலில் ஏறி நின்றன. காலையில் கஞ்சி குடித்தபின் நான் அவள் வீட்டுக்குப் போய்ப் பெட்டிகளின் சாக்கை எடுத்தேன். ஒன்றை முன் ஜன்னலில், பந்தல் பக்கம் முகம் வைத்து. மற்றதை எங்கே வைப்பது என்று கேட்டேன். பின்கதவைக் காட்டினாள். பின்கதவுக்கு அப்பால் தாழம்புதர், மணல், அதற்கப்பால் கடல்தான்.

"அந்தப் பக்கம் ஆள் இல்லையே நங்கி."

"வையுங்க அய்யே."

வைத்தேன். மைக்கைச் சாப்பாட்டு மேசையில், பழைய கோப்பை ஒன்றில் சாய்த்து நிறுத்தினேன். நிலந்தி வெள்ளை உடுத்து வந்து பாயில் உட்கார்ந்தாள். செலஸ்டினா நாற்காலியில். இரண்டு பேருக்கும் முன்னால் சுரங்கவின் படம் சுவரில் இருந்தது, வெறும் படம், மாலையும் இல்லை, விளக்கும் இல்லை. மூன்றாவதாக உட்கார அந்த அறையில் நாற்காலி இருந்தது. ஆனாலும் நான் வெளியே வந்து, வீட்டுக்கும் பந்தலுக்கும் நடுவில், கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வள்ளத்தின் நிழலில் நின்றுகொண்டேன்.

மரக்கட்டை தட்டினார்கள். புலம்பல் தொடங்கியது. வெயில் மணலில் வெள்ளையாக எரிந்தது. ஆண்கள் பாட்டுக்குள்ளேயே ஆணிகளைக் கழற்றினார்கள். ஒரு கையை இறக்கினார்கள், மறு கையை இறக்கினார்கள். துணியில் ஏந்தினார்கள். கடைசி அடியை இழுத்து, இழுத்து, மணலுக்குள் இறங்குகிற தண்ணீரைப் போல விட்டார்கள். நிறுத்தினார்கள்.

டில்ருக்ஷி பந்தலின் நடுவில் நின்றாள். மைக்கைக் கையில் பிடித்திருந்தாள், வாயருகே கொண்டுபோகவில்லை. கிரேஸி அவள் முழங்கையில் கை வைத்திருந்தாள். தெரு முழுவதும் செலஸ்டினாவின் ஜன்னலைப் பார்த்தது.

டக் என்று ஒரு சத்தம். மைக்கை உயிர்ப்பித்துவிட்டார்கள்.

முதலில் ஒரு மெல்லிய இரைச்சல். பிறகு நாற்காலி ஒருமுறை முனகியது. நிலந்தியின் வளையல் ஒன்று மற்றொன்றைத் தொட்டது. குசினியில் ஏதோ சொட்டுச் சொட்டாக விழுந்தது. அந்த வீட்டின் உள்ளே இருந்த ஒவ்வொன்றும் எங்கள் நடுவில் வந்து நின்றதைப் போல இருந்தது. பிறகு மூச்சு. ஒருத்தியுடையது, அப்புறம் இரண்டு பேருடையதும், ஒன்று கொஞ்சம் முந்தி, ஒன்று கொஞ்சம் பிந்தி. பந்தலில் ஒரு குழந்தை சிணுங்கியது, தாய் அதன் வாயை மார்பில் பொத்திக்கொண்டாள். நேரம் போனது. டில்ருக்ஷி கிரேஸியைப் பார்த்தாள். கிரேஸி கடலைப் பார்த்தாள், தலையசைக்கவில்லை.

நான் வள்ளத்தைச் சுற்றிக்கொண்டு வீட்டின் பின்பக்கம் வந்தேன். எப்போது வந்தார்களோ, படகுகளுக்கு நடுவே ஆண்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார்கள், முதுகு கடலுக்கு, முகம் பின்கதவில் இருந்த அந்தச் சாம்பல் பெட்டிக்கு. அதற்குள்ளிருந்து யாரோ நீளமாக, அடிவயிறுவரை மூச்சை இழுத்தார்கள். பெட்டியின் முகத்துணி மெல்ல உள்ளே போய், அங்கேயே நின்றது.